எட்டுச் சில்லுக்கு எட்டுத் தேசிக்காய்

இத்தாலியின் பலெர்மோவில் பனிக்கட்டி மூன்று கிழமைதான் இருக்கும். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சதுக்கத்தில், சறுக்கி விளையாட, பெரிய தட்டுப்போலக் கொண்டுவந்து விரித்து, சுற்றிவரக் கம்பி அடைத்து, பாட்டுப் போடுவார்கள். புதுவருடம் பிறந்து சில நாளில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மூன்று கிழமைக்குள்தான் என் மகளின் சறுக்கு வாழ்க்கை ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

அந்தப் பக்கத்தில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் துப்புரவு செய்வது என் வேலை. வேலை முடிந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வரும் வழியில், “ஒருக்கா மட்டும்” என்று கேட்டாள். விட்டேன். சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போக பிளாஸ்டிக்கில் ஒரு பென்குயின் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பென்குயினை ஒரு பக்கம் தள்ளிவிட்டாள். கம்பிக்கு வெளியே நின்ற நான் அவள் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு முறை விழுந்தாள். தலை அடிபட்டதா, கை முறிந்ததா, வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டி வந்தால் அவளுடைய அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் யோசித்தேன். பன்னிரண்டாவது சுற்றில் அவள் விழவில்லை. கன்னம் சிவக்க என்னிடம் வந்தாள்.

“மம்மா, நான் இனி இதுதான் செய்யப்போறன்.”

“எது?”

“இதுதான். எப்பவும்.”

புதுவருடம் கழிந்த பிறகு அதே வழியால் வந்தோம். சதுக்கம் வெறுமையாக, ஈரமாகக் கிடந்தது. அவள் அதன் நடுவில் போய் நின்று அழுத அழுகைக்கு, லொறியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்துவிட்டார். இந்த ஊரில் வருடம் முழுக்கப் பனிக்கட்டி கிடையாது என்றும், சில்லு, அதாவது சக்கரம், பூட்டிய சப்பாத்தில் இதே ஆட்டத்தை ஆடலாம் என்றும், பிரான்காச்சோவில் ஒரு மண்டபத்தில் பழக்குகிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

அன்றைக்கே கணவரிடம் கதைத்தேன்.

“இஞ்சருங்கோ, பிள்ளை சறுக்கப் பழகப் போகவேணுமாம்.”

உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர் அவர். வெங்காயம் அரிவதையும் பகிடி விடுவதையும் ஒரே வேகத்தில் செய்வார். “எங்கட ஊரிலை குளிரும் இல்லை, இஞ்சை குளிரும் இல்லை. எங்களுக்குப் பிறந்தது எப்பிடி ஐஸிலை போய் விழுந்தது? நீர் பிள்ளையைக் குளிர்சாதனப் பெட்டியிலை வைச்சோ வளர்த்தனீர்?”

“பகிடியை விடுங்கோ. விழுந்து கிழுந்து முறிச்சாளெண்டா?”

“விழுந்தா எழும்புவாள். நீர் எண்ணினது பதினொண்டு. நான் யோசிக்கிறது பன்னிரண்டாவதைப் பற்றி.”

அப்படித்தான் நாங்கள் குடியிருக்கும் கபோவிலிருந்து இரண்டு பஸ் மாறி பிரான்காச்சோவுக்குப் போக ஆரம்பித்தோம். மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு பட்டறைக்குப் பக்கத்தில் அந்த மண்டபம். பயிற்சியாளர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், குரல் பட்டறைச் சத்தத்துக்கு மேலால் கேட்கும். பிள்ளைகள் அவரை மயெஸ்திரா என்று கூப்பிடுவார்கள். ஆசிரியை என்று அர்த்தம். அவர் பேசுவது சிசிலிய வாடை அடிக்கும் இத்தாலியன். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் கொண்டுபோன கோப்பைப் பார்த்து அவர் சிரித்தார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, பிறப்புச் சான்று, வைத்தியர் கடிதம், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. “சிஞ்ஞோரா, இது விசாப் பதியிற பொலிஸ் கேஸ்தூரா இல்லை. பிள்ளையை உள்ளே விடுங்கோ, காணும்.” இருந்தாலும் படிவத்தில் குடியுரிமை என்ற இடத்தை நிரப்பத்தான் வேண்டியிருந்தது. பலெர்மோவில் பிறந்து, பலெர்மோப் பிள்ளைகளைப் போலவே கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறவளுக்கு, ஸ்ரீலங்கா என்று எழுதினேன். எழுதிவிட்டு, இது அவளுக்கு ஒரு குறையாகத் தெரியுமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதும் அவளே அந்தப் படிவத்தைப் பார்த்தாள்.

“இந்தக் கிளப்பிலை ஸ்ரீலங்கா நான் மட்டுமோ?”

“ஓம்.”

“அப்ப ஸ்ரீலங்காவிலை நான்தான் முதலாமிடம்.”

“அங்கையும் ஆரும் சறுக்குவினம், குஞ்சு.”

“ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒரு சின்ன நாட்டின் முதலாமிடக்காரி.

ஒன்பது வயதில் அவளுடைய சுழற்சியைப் பார்க்க மற்றத் தாய்மாரும் வாங்கிலிருந்து எழும்பி நிற்பார்கள். இடது காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, பம்பரம் மாதிரிச் சுற்றுவாள். போன வருடம் கிளப் விழா முடிந்ததும் அத்தனை பேரும் “பிராவா, பிராவா” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அடுத்த நாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் தடக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். கண்ணூறுதான் என்று எனக்குத் தெரிந்தது. படித்த பெண் இப்படி எழுதலாமோ என்றும் யோசிக்கிறேன். ஆனால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இந்த வருடம் அவளை மாகாணப் போட்டிக்கு அனுப்பலாம் என்று மயெஸ்திரா சொன்னார். அதுவரை கிளப்பின் பழைய சப்பாத்துகளில்தான் ஆடினாள். கணவர் முதல் முறையாகப் புதிது ஒன்று கொண்டுவந்தார். வெள்ளைத் தோல், நீலச் சில்லு, ஒரு காலுக்கு நான்கு. பெட்டியைத் திறந்ததும் மகள் சில்லை மணந்து பார்த்தாள். நான் நினைத்தது தேசிக்காயை, எங்கள் ஊர்ச் சின்ன எலுமிச்சையை.

எங்கள் வீட்டில் சில்லு உள்ள எதுவும் தேசிக்காய் நசிக்காமல் வெளியே போனதில்லை. கணவருடைய ஸ்கூட்டருக்குக் கீழே தெருவில் வைத்தே செய்தோம். கபோவில் பாதிப்பேர் கூடி நின்று பார்த்தார்கள். மகளைக் குழந்தையில் வைத்துத் தள்ளின வண்டிலுக்கும் செய்தோம். சந்தனம், குங்குமம் வைத்து, சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய் வைத்து, ஒருமுறை முன்னுக்கு உருட்டிவிட்டால் மனம் ஆறும். போட்டிக்குப் போகிற சில்லை மட்டும் எப்படி விடுவது?

ஊரில் போலச் சின்னத் தேசிக்காய் அன்றைக்குக் கிடைக்கவில்லை. கபோச் சந்தையில் கைப்பிடிக்குள் அடங்காத மஞ்சள் எலுமிச்சைதான் குவிந்து கிடந்தது.

“எட்டுத் தாங்கோ. ஒரே அளவாக.”

“எட்டு! கிரானித்தா போடப்போறீங்களோ, சிஞ்ஞோரா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ஓம்,” என்றேன். கிரானித்தா என்றால் பனித்துருவல் பானம். நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

குசினியில் வைத்து, சப்பாத்தை மகளுக்குப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் கணவரும் பிடித்துக்கொண்டு, எட்டு எலுமிச்சைக்கு மேல் அவளை ஏற்றினோம். அவள் சில்லுக்கு அவ்வளவு பெரிய பழம் நசியுமா? உருண்டது. மூன்று பேரும் ஒன்றாக நிலத்தில் இருந்தோம்.

“லொறிக்கே ஆறு சில்லுதான்,” என்றார் கணவர், நிலத்தில் இருந்தபடியே. “உமக்கு எட்டுச் சில்லு வாகனம் பிறந்திருக்கு.”

கடைசியில் பழங்களைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தோம். அப்போது நசிந்தது. நன்றாகவே நசிந்தது. சில்லு, தோல், நிலம் எங்கும் சாறு. சந்தனம் கரைந்து சில்லுக்கு நடுவில் வழிந்தது. மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

அவள் நித்திரையானதும் எனக்கு யோசனை தொடங்கியது. புதுச் சப்பாத்து இப்படிப் பிசுபிசுவென்று இருந்தால் மயெஸ்திரா என்ன நினைப்பார்? துப்புரவு செய்வது என் தொழில். எட்டுச் சில்லையும் குழாய்க்குக் கீழே பிடித்து, சவர்க்காரம் போட்டு, தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்தேன். பிறகு பெட்டியை ஒதுக்கும்போதுதான் அடியில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. எந்தக் கடதாசியையும் முழுக்க வாசிக்கிற பழக்கம் எனக்கு. முதலாவது வரியிலேயே தடித்த எழுத்தில் இருந்தது: சில்லுக்குள் தண்ணீர் படக்கூடாது.

சில நாளில் இடது காலின் முன்சில்லு ஒன்று கீச்சிட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் அதற்குள் நல்லெண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. சந்தோஷப்பட்டேன். அடுத்த பயிற்சியில் மகளால் சுழல முடியவில்லை. இரண்டு சுற்றோடு யாரோ பிடித்து நிறுத்தினதுபோல நின்றுபோனாள். மறுபடி முயன்றாள். மறுபடி நின்றாள்.

மயெஸ்திரா சப்பாத்தைத் தூக்கி, கையால் சில்லுகளைச் சுற்றிப் பார்த்தார். என் எண்ணெயில் அந்த முன்சில்லும் வழுக்கிக்கொண்டு ஓடியது. “சில்லு நல்லாத்தான் இருக்கு. இது தலைக்குள்ளே இருக்கிற பயம்,” என்றார். “போட்டி கிட்ட வரும்போது வாறதுதான்.”

நான் வாங்கிலிருந்து எழும்பினேன். பிறகு இருந்துவிட்டேன். ஒருவேளை பயம்தானோ? அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? ஆனால் பாரம் ஏறினால்தானே இறுகும், கையால் சுற்றினால் தெரியாதே என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சிறிய தேசிக்காய் வைக்காமல் பெரிய எலுமிச்சை வைத்ததால் வந்த வினையோ என்றும் தோன்றியது. வைத்த சந்தனத்தைக் கழுவியதாலோ என்றும் தோன்றியது.

இரண்டு கிழமை இப்படியே போனது. மகள் விழுந்தால் முன்பு எழும்பிச் சிரிப்பாள். இப்போது விழ முதலே முகம் மாறியது. ஒருநாள் பஸ்ஸில், யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“மம்மா, எனக்குச் சுத்துறது மறந்துபோச்சு.”

“ஆருக்கும் அப்பிடி மறக்குமோ, செல்லம்?”

“எனக்கு மறந்துபோச்சு. நான் போட்டிக்குப் போகேல்லை. இனிச் சறுக்கவும் மாட்டன்.”

“சும்மா சொல்லாதை.”

“நான் மயெஸ்திராவிட்டைச் சொல்லிப்போட்டன்.”

வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியல் அனுப்பவேண்டும். வியாழக்கிழமை வரை பார்ப்பேன், பிள்ளை வேண்டாமென்றால் கட்டாயப்படுத்தமாட்டேன் என்று மயெஸ்திரா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் “சரி, நன்றி” என்று சொல்லி வைத்தேன். 

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவினதை, எண்ணெய் விட்டதை, கிரானித்தாப் பொய்யைக்கூட.

அவர் கையால் வாயைப் பொத்தினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. “நல்லெண்ணெயோ? மிளகாய்த்தூளும் போட்டுத் தாளிச்சிருக்கலாமே.”

“எனக்கு நெஞ்சு பதறுது, உங்களுக்குப் பகிடி.”

“சரி, சரி. நாளைக்கு வியாழன். மயெஸ்திராவிட்டைச் சொல்லும்.”

“என்னண்டு சொல்லுறது? எலுமிச்சம்பழத்துக்கு மேலை பிள்ளையை ஏத்தினனாங்கள் எண்டோ? எங்கட ஆக்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

“அவை நினைக்கிறது இருக்கட்டும். பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டிருக்கு எண்டு யோசியும்.” பிறகு சொன்னார், “உமக்கு ஏலாதெண்டா நான் வந்து சொல்லுறன். ஆனா சொல்லேக்கை சிரிச்சுப்போடுவன். அது இன்னும் வெக்கம்.”

வியாழக்கிழமை நானே போனேன். மகள் சப்பாத்தைக் கட்டாமல் வாங்கில் இருந்தாள். மயெஸ்திராவிடம் சொல்லவேண்டிய இத்தாலியன் சொற்களைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அவர் முன்னால் நின்றதும் எல்லாம் குழம்பி, எலுமிச்சையில் தொடங்கி, சவர்க்காரத்துக்குப் போய், எங்கள் ஸ்கூட்டருக்கு வந்து, மறுபடி எலுமிச்சையில் முடிந்தது. அவருக்குப் பாதி விளங்கவில்லை. இடது சப்பாத்தை வாங்கி, திருகுசாவி போட்டு முன்சில்லைக் கழற்றினார். அதற்குள் இருந்த பேரிங்கை உள்ளங்கையில் தட்டினார். வட்டமான சின்னத் துண்டு, துருப்பிடித்து, மஞ்சள் பசையோடு விழுந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இதென்ன வாசம்? கேக் சுட்டனீங்களோ?”

“சந்தனம்,” என்றேன். “கும்பிடுகிறதுக்கு வைக்கிறது. அவளுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். திட்டத்தான் செய்தார். “இரண்டு கிழமை! பிள்ளைக்குப் பயம் எண்டு நான் சொல்லிக்கொண்டு திரியிறன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ? நான் உங்களைக் கடிச்சுத் தின்னுவனோ?” பிறகு அந்தப் பேரிங்கை மறுபடி மணந்தார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

அதற்குள் மகள் எழும்பி வந்துவிட்டாள். மயெஸ்திராவின் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நானில்லையோ?” என்று தமிழில் கேட்டாள். “சில்லோ?”

“சில்லுதான், குஞ்சு. அம்மாதான் கழுவினது.”

“நான் மறக்கேல்லையோ?”

“இல்லை.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வரத்தான் செய்தது. “மம்மா! ரெண்டு கிழமை!” என்று மயெஸ்திராவின் குரலிலேயே கத்தினாள். ஆனால் கத்திக்கொண்டே, சப்பாத்தில்லாமல், வெறும் காலுறையோடு, மண்டபத்தின் நடுவில் போய் ஒற்றைக்காலில் நின்று சுற்றினாள். மூன்று சுற்று. நான்கு. தலை சுற்றி நிலத்தில் இருந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மயெஸ்திரா எனக்குத் தண்டனை கொடுத்தார். எட்டுச் சில்லிலும், சில்லுக்கு இரண்டாகப் பதினாறு பேரிங். “நீங்கள்தானே உள்ளே விட்டனீங்கள், நீங்களே வெளியே எடுங்கோ.” பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு தகரப்பேணியில் பெற்றோலும் ஒரு பழைய பல்துலக்கும் தூரிகையும் வாங்கித் தந்தார். மண்டப வாசலில் இருந்து ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, காய வைத்து, அதற்குரிய எண்ணெயைச் சொட்டாக விட்டேன். துருப்பிடித்தவற்றுக்குப் பதிலாகக் கிளப்பின் பெட்டியிலிருந்து வேறு தந்தார். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதை ஒத்துக்கொள்ளவேண்டும். சுத்தமான பேரிங் விரலில் சுற்றும்போது ஒரு மெல்லிய, இடையில் அறாத சத்தம் வரும். அழுக்கு இருந்தால் சத்தம் முறியும். ஒரு மணித்தியாலத்தில் என் காதுக்கு அது பிடிபட்டது. எனக்குப் பக்கத்தில் வந்திருந்த இன்னொரு தாய் தன் மகளின் சப்பாத்தை மெதுவாக நீட்டினாள்: “இதையும் ஒருக்கா கேட்டுப் பாக்கிறீங்களோ?” அடுத்த கிழமை நான்கு பேர் கொண்டுவந்தார்கள். இப்போது என் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு சாவியும் ஒரு தூரிகையும் எப்போதும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. அவள் பெயர் இருந்தது.

போட்டி கடற்கரையோரமாக வேறொரு ஊரில். கணவர் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் குடும்பப் பெயரை வாசிக்க மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார்; கடைசி இரண்டு எழுத்தைக் கைவிட்டார். மகள் அரங்க வாசலில் நின்றாள். நீல நிற உடுப்பு, இறுக்கி வாரிய கொண்டை.  விழுந்தால் திரும்பவும் சறுக்கமாட்டேன் என்பாளோ, நான் சொல்லாமல் விட்ட இரண்டு கிழமை இன்னும் அவளுக்குள் இருக்குமோ என்று நின்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பின்னால் தூக்கினாள்.

“மம்மா, கேளுங்கோ.”

குனிந்து, ஒவ்வொரு சில்லாக விரலால் சுற்றிக் காதைக் கொடுத்தேன். நான்கு. பிறகு வலது கால். நான்கு.

“எட்டும் ஓடுதோ?”

“ஓம், எட்டும் ஓடுது.”

போனாள். இரண்டாவது பாய்ச்சலில் விழுந்தாள். நான் எண்ணத் தொடங்க முதலே எழும்பிவிட்டாள். கடைசியில் அந்தச் சுழற்சி வந்தது. இரண்டு சுற்று. நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று, நான்கு, ஐந்து. பிறகு எண்ணிக்கை எனக்குத் தவறிவிட்டது. “என்ரை கையை விடும், எனக்குக் கைதட்டவேணும்,” என்றார் அவர்.

ஒன்பது பேரில் ஆறாவதாக வந்தாள். “ஸ்ரீலங்காவிலை முதலாமிடம்,” என்று தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள்.

திரும்பி வரும் ரயிலில், தண்ணீர்ப் போத்தல் தேடி என் பையைக் கிளறினவள் கோப்புக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் எலுமிச்சையை எடுத்தாள்.

“இது என்னத்துக்கு?”

“தேத்தண்ணிக்கு.”

“மம்மா.”

“வைச்சனான்தான். சில்லுக்குக் கிட்டவும் கொண்டுபோகேல்லை. சும்மா பைக்குள்ளை இருக்கட்டுமெண்டு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒண்டு காணாது,” என்றாள். “அதுதான் விழுந்தனான். அடுத்தமுறை எட்டும் பைக்குள்ளை வையுங்கோ.”

கணவர் பேனாக்கத்தியால் பழத்தை வட்டமாக அரிந்தார். உணவகத்துக்காரர் அல்லவா, பொக்கற்றுக்குள் உப்புப் பொட்டலம் இருந்தது. பலெர்மோக்காரர்கள் தின்கிறதுபோல உப்புத் தொட்டு மூன்று பேரும் தின்றோம். புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டு, அவள் அடுத்த வருடத்துக்கு என்ன பாட்டு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.